கண்ணாடி ஏற ஒரு விரல் போதும்

பழைய வண்டி: வாசகர் கேள்விகளும் பட்டறைப் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பவர் விண்டோவைப் பற்றித்தான், அதாவது சுவிட்சைத் தட்டினால் மோட்டாரே கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பைப் பற்றி. கார்புரேட்டர், கிளட்ச் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். கோவையில் நாற்பது வருடமாக வண்டி வயரிங் வேலை பார்த்து வருகிறேன். செய்து பார்த்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அப்பா 1972-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2 இன்னும் நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு 78 வயது. மாதம் ஒருமுறை அதே வண்டியில்தான் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறோம். முடக்குவாதத்தால் அவருக்கு விரல்கள் மடங்குவதில்லை. பின்சீட்டில் இடதுபக்கம் உட்காருவார். ஏசி இல்லாத வண்டி என்பதால் கண்ணாடியை ஏற்றவும் இறக்கவும் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது. பவர் விண்டோ போடலாமா? ‘அப்பா வண்டியில் கை வைக்காதே’ என்கிறான் என் தம்பி.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கரூர்

போடுங்கள் ஐயா. அம்மா அந்த வண்டியில் சௌகரியமாக உட்கார்ந்து வருவதைவிடப் பெரிய விஷயம் அதில் வேறென்ன இருக்கிறது? ஆனால் தம்பி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். அப்பா விட்டுப்போன வண்டி அப்படியே இருக்கவேண்டும் என்று அவர் நினைப்பது நியாயம்தான். இரண்டு பேர் மனசும் நோகாமல் செய்யலாம். எதையும் வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், வேண்டாம் என்றால் ஒரே நாளில் பழையபடி மாற்றிவிடக்கூடிய மாதிரி செய்யவேண்டும். அவ்வளவுதான்.

முதலில் மோட்டாரை மறந்துவிடுங்கள். அம்மா உட்காரும் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். இப்போது கைப்பிடியின் குமிழை ஒற்றை விரலால் தள்ளிச் சுற்றுங்கள். கண்ணாடி மேலே போய்ச் சேரும்வரை அந்த ஒரு விரலே போதுமென்றால் கதவு மோட்டாருக்குத் தயார். பாதி வழியில் முழுக்கையும் போட வேண்டியிருந்தால் இன்னும் தயாராகவில்லை. ‘பவர் விண்டோ போட்டும் சரியில்லை’ என்று எங்களிடம் வருகிற பழைய வண்டிகளில் பெரும்பாலும் மோட்டார் நன்றாகவே இருக்கும். கதவுதான் இறுகிக் கிடக்கும். கையால் சுற்றும்போது இறுக்கம் நமக்குத் தெரிகிறது. வேகத்தைக் குறைப்போம், இன்னொரு கையால் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிவிடுவோம். மோட்டாருக்கு அதெல்லாம் தெரியாது. இழுக்கும், முடியாதபோது சூடாகும், கடைசியில் உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரம் உரிந்துபோகும்.

போன ஆவணியில் உங்கள் வண்டி மாதிரியே ஒரு அம்பாசடர் வந்தது. நாலு கதவுக்கும் மோட்டார் வேண்டும் என்றார் அதன் சொந்தக்காரர். முதல் கதவின் டோர் பேடை, அதாவது உள்பக்க அட்டையைக் கழற்றினோம். கைப்பிடி சுற்றும்போது கண்ணாடியைத் தூக்கும் விண்டோ மெஷினில் இருந்த கிரீஸ் கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிக் கறுத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் சில்லு சில்லாகப் பெயர்ந்து வந்தது. கண்ணாடி ஏறி இறங்கும் சேனலில் வெல்வெட் போய் வெறும் தகரம்தான் மிச்சம். கதவின் அடியில் இரண்டு நாலணாக் காசு, ஒரு கொண்டை ஊசி, காய்ந்த வேப்பிலை. தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டைகள் எல்லாம் மண் அடைத்து, அந்த இடத்தில் தகரம் பொரிந்திருந்தது. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து மெஷினைக் கழுவினோம். புது சேனல் பீடிங் போட்டோம். உருளையிலும் பல்லிலும் வெள்ளை கிரீஸ், சேனலில் சிலிக்கான் ஸ்பிரே. சேனலில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. ரப்பர் ஊதிவிடும், புழுதியும் வந்து ஒட்டிக்கொள்ளும். எல்லாம் முடிந்து கைப்பிடியை மாட்டினோம். அவர் சுண்டுவிரலால் சுற்றிப் பார்த்தார். மறுபடி இறக்கிவிட்டு இன்னொரு முறை சுற்றினார். ‘இது போதுமே’ என்று சொல்லி, மற்ற மூன்று கதவுகளையும் அதே மாதிரி செய்யச் சொன்னார். மோட்டார் போடாமலே வண்டியை எடுத்துப் போனார்.

உங்கள் அம்மாவுக்கு அது போதாது, தெரியும். கைப்பிடியைப் பிடிப்பதே அவருக்குச் சிரமம். ஆனாலும் இந்த வேலை முடியாமல் மோட்டாருக்குப் போகாதீர்கள்.

அடுத்தது கிட், அதாவது பவர் விண்டோவுக்கு வேண்டிய பாகங்கள் சேர்ந்த பெட்டி. பழைய மெஷினைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வண்டியின் பவர் மெஷினை வெல்டிங் வைத்துப் பொருத்துகிறவர்கள் உண்டு. தம்பி பயப்படுவது அதற்குத்தான். அது வேண்டாம். கைப்பிடி மாட்டும் தண்டிலேயே இணைந்து, பழைய மெஷினையே சுற்றுகிற மோட்டார் கிட் கிடைக்கிறது. தண்டின் பல்லுக்குத் தகுந்த இணைப்பான் சேர்த்துக் கொடுப்பார்கள். வாங்கும்போது கைப்பிடியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். பல் சரியாக உட்காராவிட்டால் ஆறு மாதத்தில் வழுக்க ஆரம்பிக்கும்.

மோட்டார் கதவுக்குள் அடங்குமா என்று பார்க்கச் சுலபமான ஒரு வழி இருக்கிறது. சப்பாத்தி மாவை எலுமிச்சை அளவு உருட்டி, மோட்டார் வரப்போகும் இடத்தில் ஒட்டுங்கள். கண்ணாடியை மெதுவாக இறக்கி, திரும்ப ஏற்றுங்கள். கண்ணாடி எவ்வளவு நெருங்கி வருகிறது என்று மாவு நசுங்கியதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். மோட்டாருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விரல் கனமாவது இடம் வேண்டும். குண்டு குழியில் கதவு அதிரும்போது இரும்பு இடித்தால் டஃபன்டு கண்ணாடி மொத்தமாக உதிர்ந்துவிடும்.

மெக்கானிக்கிடம் இதையும் சொல்லிவையுங்கள். கத்தரி மாதிரி விரியும் மெஷின் பலவற்றில் கண்ணாடியின் பாரத்தைத் தாங்க ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். கண்ணாடியும் இல்லாமல், சுற்றும் பல்லும் இல்லாமல் அந்தக் கைகளைச் சும்மா விட்டால் படீரென்று திரும்பும். கழற்றுவதற்கு முன்னால் பல்தட்டையும் அடித்தகட்டையும் ஒரு போல்ட்டால் சேர்த்துப் பூட்டவேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு பையன் பூட்டாமல் கழற்றி, உள்ளங்கையில் ஐந்து தையல் போட்டோம். அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்க்காதது என் தவறு.

வயரிங்குக்கு வருவோம். ‘டைனமோ வண்டி ஐயா, தாங்குமா?’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். டைனமோ என்பது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர். நன்றாகத் தாங்கும். ஒரு கண்ணாடி ஏறும்போது மோட்டார் 5 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் இரண்டும் எரிந்தால் ஆகிற அளவுதான் அது. ஹெட்லைட் மணிக்கணக்கில் எரிகிறது, கண்ணாடியோ நாலைந்து வினாடியில் ஏறிவிடுகிறது. ஆக, டைனமோவுக்கு இதில் பாரமே இல்லை. கண்ணாடி மேலே போய் முட்டி நிற்கும் கணம்தான் கவலை. அப்போது 20 ஆம்பியருக்கு மேல்கூடப் போகும். அந்த ஒரு கணத்தைத் தாங்குவது பேட்டரியும் வயரும்.

வயரில்தான் பலர் காசைச் சேமிக்கப் பார்க்கிறார்கள். பேட்டரியிலிருந்து பின்கதவு போய்த் திரும்ப ஆறு மீட்டர் வயர் என்று வையுங்கள். 0.75 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால், 20 ஆம்பியர் ஓடும்போது கிட்டத்தட்ட 3 வோல்ட் வயரிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழே. பன்னிரண்டு வோல்ட்டில் மூன்று போனால் மோட்டாரில் கால்வாசிப் பலம் போனமாதிரி. ஆகவே 2.5 வயர், ரிலே வழியாக. சுவிட்ச் ரிலேக்கு உத்தரவு கொடுத்தால் போதும், மோட்டார் கரண்ட் சுவிட்சுக்குள் ஓடவேண்டாம். பழைய பிரிட்டிஷ் வயரிங்கில் ஒன்றிரண்டு ஃபியூஸ்தான் இருக்கும். அவற்றைத் தொடவே தொடாதீர்கள். பேட்டரியிலிருந்து தனியாக ஒரு கனமான வயர் எடுத்து, ஒரு அடிக்குள் ஃபியூஸ் வைத்து, அங்கிருந்து பிரியுங்கள்.

ஃபியூஸை ஏன் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்கிறேன் என்றால், 1998-இல் நானே ஒரு ஃபியட்டுக்கு ஃபியூஸை டேஷ்போர்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் ஒரு தகர விளிம்பில் உரசி உரசித் தோல் போய்விட்டது. குடும்பம் வண்டிக்குள் இருக்கும்போது புகை. ஓட்டியவர் சட்டென்று பேட்டரி டெர்மினலைப் பிடுங்கியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வயர் கருகிய வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. அன்றிலிருந்து ஃபியூஸ் இடம் மாறவில்லை, துளை போட்ட இடத்தில் ரப்பர் கிராமெட் (வயரைத் தகர விளிம்பிலிருந்து காக்கும் வளையம்) இல்லாமல் ஒரு வயரும் போகவில்லை.

துளை என்றதும் தம்பி முகம் மாறும். கதவுக்கு ஒன்று, தூணுக்கு ஒன்று, அதைத் தவிர்க்க வழியில்லை. கீல் பக்கத்தில், கதவைத் திறந்தால்தான் தெரிகிற இடத்தில் வரும். கதவுத் துளையையும் தூண் துளையையும் நேருக்கு நேர் போடாமல் இரண்டு அங்குலம் மேலும் கீழுமாகப் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் கதவு மூடும்போது வயர் ஒடியாமல் வளைந்து கொடுக்கும். விளிம்பை அராவி, பிரைமர் அடித்து, ரப்பர் குழாய்க்குள் வயரை விடவேண்டும். பின்னாளில் வேண்டாமென்றால் இரண்டு ரப்பர் மூடியில் வேலை முடிந்துவிடும்.

சுவிட்சுக்காக டேஷ்போர்டை வெட்டாதீர்கள். கைப்பிடியே சுவிட்சாக வேலை செய்கிற அமைப்பு ஒன்று இருக்கிறது. கதவில் பழைய கைப்பிடி அப்படியே நிற்கும். முன்பக்கம் லேசாகத் தள்ளினால் கண்ணாடி ஏறும், பின்பக்கம் தள்ளினால் இறங்கும். வெளிநாட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் விரும்பிப் போடுவது அது. கிடைத்தால் அதையே வாங்குங்கள். அம்மா விரலை மடக்கவேண்டாம், புறங்கையால் தட்டினாலே போதும். தம்பி கதவைப் பார்த்தால் அப்பா பிடித்த அதே கைப்பிடி இருக்கும்.

எல்லாக் கதவுக்கும் போடவேண்டிய அவசியமும் இல்லை. பின்னால் இடது, வலது இரண்டுக்கும் போடுங்கள். ஓட்டுநர் கதவை எக்காரணம் கொண்டும் மாற்றாமல் கைப்பிடியிலேயே விடுங்கள். மோட்டாரில் இருக்கும் புழுப்பல் ஒருவழிப் பாதை மாதிரி. மோட்டார் கண்ணாடியை நகர்த்தும், ஆனால் கண்ணாடியைப் பிடித்து அழுத்தி மோட்டாரைச் சுற்ற முடியாது. அதனால்தான் வெளியிலிருந்து யாரும் கண்ணாடியைக் கீழே தள்ள முடிவதில்லை. அதே காரணத்தால் கரண்ட் போனால் கண்ணாடி நின்ற இடத்திலேயே நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து கடிதம் எழுதியவர்கள் பலரும் இதைத்தான் சொன்னார்கள். தண்ணீரில் நின்ற வண்டியில் கண்ணாடி இறங்கவில்லை. கைப்பிடி இருக்கிற ஒரு கதவாவது வேண்டும்.

என் பிரீமியர் பத்மினிக்கு இரண்டு வருடம் முன்பு பவர் விண்டோ போட்டேன். கண்ணாடி வேகமாக இறங்குகிறது, ஏறும்போது முனகுகிறது. மழைநாளில் பாதியில் நின்றுவிடுகிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள்.
– துணிக்கடைக்காரர், திருநெல்வேலி

மாற்றாதீர்கள் அண்ணாச்சி, முதலில் ஒரு மீட்டரைப் பிடியுங்கள். கண்ணாடியின் எடையே துணை செய்வதால் இறங்குவது எப்போதும் சுலபம். மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்றால் அது ஏறும்போதுதான் தெரியும். டோர் பேடைக் கழற்றி, மோட்டாரின் இரண்டு வயரிலும் மீட்டரை வைத்துக் கண்ணாடியை ஏற்றச் சொல்லுங்கள். பேட்டரியில் 12.6 காட்டும்போது மோட்டாரில் 10-க்கும் கீழே காட்டினால் கோளாறு வழியில்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை மோட்டாருக்கு வரும் பாசிட்டிவ் வயரிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பக்கம் வயரோ ரிலேயோ கனெக்டரோ கெட்டிருக்கிறது. எர்த் பக்கமும், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பக்கமும், அதே மாதிரி.

என் சந்தேகம் எர்த் மேல்தான். பலர் கதவுத் தகரத்திலேயே ஒரு ஸ்க்ரூ போட்டு எர்த் எடுத்துவிடுகிறார்கள். கதவுக்கும் பாடிக்கும் தொடர்பு கீல் வழியாக மட்டும்தான். கீலில் கிரீஸ், துரு, அதற்கு மேல் பெயின்ட். அந்த வழியில் எட்டு ஆம்பியர் எப்படி ஓடும்? பாடியில் பெயின்டைச் சுரண்டி, நேராக ஒரு எர்த் வயரைக் கதவுக்குள் கொண்டுபோங்கள். பல வண்டிகளுக்கு இந்த ஒரு வயரே வைத்தியம்.

மழையில் நிற்பதற்குக் காரணம் சேனலும் சேர்ந்து. நனைந்த பழைய வெல்வெட் கண்ணாடியைக் கவ்வும். அதோடு, டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பாலித்தீன் தாளை கிட் போட்டவர் திரும்ப ஒட்டினாரா என்று பாருங்கள். மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அதை உள்பக்கம் வராமல் காப்பது அந்தத் தாள்தான். அது இல்லாவிட்டால் டோர் பேட் அடியில் உப்பி வரும், சுவிட்சும் கெடும்.

எங்கட அப்பப்பாவின் மொறிஸ் மைனர் 1000, 1959ஆம் ஆண்டு வாகனம். இன்னும் பொசிட்டிவ் எர்த்தில்தான் ஓடுகிறது. பவர் விண்டோ கிட் போட்டால் எரிந்துபோகும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
– பொறியியல் மாணவர், யாழ்ப்பாணம்

பாதி உண்மை தம்பி. மற்ற வாசகர்களுக்காக: பொசிட்டிவ் எர்த் என்றால் பேட்டரியின் நெகட்டிவுக்குப் பதில் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருப்பது. மொறிஸ் மைனரும் ஆஸ்டினும் இன்றைக்கும் அன்றாடம் ஓடுகிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

பவர் விண்டோ மோட்டாருக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற கட்டாயமே கிடையாது. ஒருபக்கம் கொடுத்தால் ஏறும், மாற்றிக் கொடுத்தால் இறங்கும். சாதாரண சுவிட்சும், உள்ளே டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லாத ரிலேயும் பாசிட்டிவ் எர்த்தில் ஒழுங்காக வேலை செய்யும். எரிவது எலெக்ட்ரானிக் பெட்டிகள்: ஒருமுறை தட்டினால் தானே ஏறும் மாட்யூல், ரிமோட் லாக், டயோடு வைத்த ரிலே. இவற்றை மாற்றிக் கொடுத்தால் அந்தக் கணமே போய்விடும். ரிலேயின் பக்கத்தில் ஒரு சின்னப் படம் அச்சிட்டிருப்பார்கள். 85, 86 என்ற இரண்டு காலுக்கும் நடுவில் அம்புக்குறி மாதிரி ஒன்று இருந்தால் அதுதான் டயோடு. உங்கள் வண்டிக்கு அது வேண்டாம்.

இன்னொன்று: கிட்டோடு வருகிற படத்தில் ‘எர்த்’ என்றிருந்தால் அவர்கள் நெகட்டிவை நினைத்து எழுதியிருப்பார்கள். அதை அப்படியே பார்த்து மாட்டாமல், ஒரு தாளில் உங்கள் வண்டிக்கு நீங்களே திரும்ப வரையுங்கள். மாற்றும் ரிலே இரண்டு வைத்தால், ஓய்வில் இருக்கும்போது மோட்டாரின் இரண்டு முனையும் பாடியோடு சேர்ந்திருக்கும். ஒரு ரிலே இழுத்தால் ஒரு முனைக்கு மட்டும் கரண்ட் வரும், கண்ணாடி ஏறும். மற்றது இழுத்தால் இறங்கும். இதை நீங்களே வரைந்து புரிந்துகொண்டால் வேறு யாரையும் நம்ப வேண்டியதில்லை.

பவர் விண்டோவுக்காக வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். மாற்றுவது முடியாத காரியம் இல்லை. ஆனால் டைனமோவின் முனையைத் திருப்பவேண்டும், இக்னிஷன் காயில் வயரை இடம் மாற்றவேண்டும், எஸ்.யூ. பெட்ரோல் பம்பில் டயோடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டு கண்ணாடிக்காக இத்தனை வேலை தேவையில்லை.

உங்கள் ஊரில் உப்புக்காற்று பெரிய எதிரி. வெள்ளீயம் பூசிய செம்பு வயராகப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு கனெக்டரையும் நன்றாக அழுத்தி, மேலே ஸ்லீவைச் சூடுகாட்டிச் சுருக்கி, உள்ளே சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிவிட்டால் ஒரு மாரி தாங்காது.

என்னிடம் 1968 ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. பவர் விண்டோ போட்டால் ஆர்.சி. புத்தகத்தில் பிரச்சினை வருமா? விண்டேஜ் பதிவுக்குத் தகுதி போய்விடுமா?
– வங்கி ஊழியர், சென்னை

நம் சென்னையிலேயே கட்டிய வண்டி வைத்திருக்கிறீர்கள், வாழ்த்துகள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தடுப்பது, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் தயாரிப்பு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை. கண்ணாடி எப்படி ஏறுகிறது என்று ஆர்.சி.யில் எங்கும் இல்லை.

விண்டேஜ் விதி 2021 ஜூலையில் வந்தது. 50 வயதைத் தாண்டிய வண்டி மூல வடிவத்தில் இருக்கவேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். புதுப்பிக்க 5,000. நம்பரில் மாநில எழுத்துக்குப் பின்னால் ‘விஏ’ என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்ணாடி மோட்டார் அந்தப் பெரிய மாற்றத்தில் சேராது என்பது என் புரிதல். ஆனால் மூல வடிவம் என்ற சொல்லை ஆய்வாளர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது அவர் கையில். பதிவுக்குப் போகிற எண்ணம் இருந்தால் மோட்டார் போடாமல் பதிந்துவிடுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அம்மா, அப்பா, உடல்நலம் என்ற காரணம் எதுவும் இல்லையென்றால், ஐம்பது வயது ஹெரால்டுக்கு நான் மோட்டார் போடமாட்டேன். அகலத்தில் அது சின்ன வண்டி. ஓட்டுகிறவர் கையை நீட்டினால் எதிர்க்கதவின் கைப்பிடியே எட்டிவிடும். அந்தப் பணத்துக்கு எல்லாக் கதவுக்கும் புது சேனல் பீடிங் போடுங்கள். கோவைக்கு வந்தால் அவிநாசி சாலையில் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய், பழைய வண்டிகளின் கதவுகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். கைப்பிடியில் எத்தனை விதமான வேலைப்பாடு செய்திருக்கிறார்கள் என்று தெரியும்.

பேரனுக்கு நாலு வயது. பழைய வண்டியில் பவர் விண்டோ போட்டிருக்கிறார் என் கணவர். பிள்ளை சுவிட்சை அழுத்தி விளையாடுகிறான். பயமாக இருக்கிறது.
– இல்லத்தரசி, ஈரோடு

உங்கள் பயம் சரியானது அம்மா. இதை இன்றைக்கே கவனியுங்கள். இப்போது வரும் வண்டிகளில், தானாக ஏறும் கண்ணாடி ஏதாவது தட்டுப்பட்டால் திரும்பி இறங்கிவிடும். அதற்கு முன்னால் அது கொடுக்கும் அழுத்தம் 100 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்று வெளிநாட்டு விதி இருக்கிறது. பத்துக் கிலோ எடை வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்கு வாங்கிப் போடுகிற கிட்டில் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. முட்டி நிற்கும்வரை தள்ளும்.

மூன்று வேலை செய்யச் சொல்லுங்கள். சாவி போட்டால் மட்டுமே கண்ணாடி நகரும்படி ரிலேயை இக்னிஷனோடு சேர்க்கவேண்டும். பின்கதவு சுவிட்சுகளை முன்னாலிருந்து நிறுத்த ஒரு பூட்டு சுவிட்ச் வைக்கவேண்டும். அப்புறம், சுவிட்ச் அழுத்தினால் ஏறுகிற வகையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். குழந்தை முட்டி போட்டுக் கொண்டு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும்போது முழங்காலே சுவிட்சை அழுத்திவிடும். விரலால் மேல்நோக்கி இழுத்தால் மட்டும் ஏறும் வகை வேண்டும். அமெரிக்காவில் குழந்தைகள் இறந்த பிறகுதான் அதைக் கட்டாயம் ஆக்கினார்கள். இந்த வேலை முடியும்வரை பேரன் உட்காரும் பக்கத்து ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். கண்ணாடி மூடியே இருக்கட்டும்.

கழற்றிய கைப்பிடிகளை என்ன செய்வது? பழைய இரும்புக்காரர் கேட்கிறார்.
– விவசாயி, பொள்ளாச்சி

கொடுக்காதீர்கள். அந்தக் குரோமியம் பூச்சும் அந்த எடையும் இன்றைக்கு வருகிற உதிரிபாகத்தில் இல்லை. ஒவ்வொன்றையும் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவாமல் மெஷின் ஆயில் லேசாகத் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். பின், வாஷர், ஸ்க்ரூ எல்லாம் அந்தந்தக் கைப்பிடியோடு ஒரே பொட்டலத்தில் இருக்கட்டும். ‘முன் இடது’, ‘பின் வலது’ என்று சீட்டு எழுதி வையுங்கள். வீட்டுப் பரணில் வைத்தால் தேவைப்படும்போது கிடைக்காது. டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், ஜாக்கியோடு சேர்த்து வையுங்கள்.